மணிக்கோபுரத்துக்கு மின்சுத்தியல்: வாங்கலாம், ஆனால் கயிறு இருக்கட்டும்

எங்கள் ஆலயத்து இரண்டு மணிகளுக்கும் மின்சுத்தியல் பொருத்தி, திருவருகைக் காலம், தவக்காலம், பங்குத் திருவிழா, இரண்டு பருவமழை எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. பக்கத்துப் பங்குகளிலிருந்து "எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். காலை, மதியம், மாலை என்று மூவேளை மணிக்கும், பூசைக்கு அடிக்கிற முதல் மணி, இரண்டாம் மணிக்கும் இது நல்ல பொருள். சாவுக்கும் திருவிழாவுக்கும் போதாது. கயிற்றை எடுத்துவிட்டுத்தான் பொருத்துவோம் என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இதைச் சொல்கிற நான் பங்குப்பேரவையில் கணக்குப் பார்க்கிறவள். அப்பா எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை, அதாவது மணியடித்து ஆலய வேலைகளைப் பார்க்கிறவர். அவருக்கு முன்னால் பாட்டா. குமரி மாவட்டத்தில் முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது. கயிற்றின் நுனி பாடகர் மாடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போக ஒடுங்கலான சுழல் படிக்கட்டு ஏற வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தப் படி ஏற ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை. இளவட்டங்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள், மீதிப் பேர் அந்த நேரம் கடலில் இருப்பார்கள். அதனால்தான் இந்தப் பேச்சே தொடங்கியது.

வந்த பொருள் இதுதான்: ஒவ்வொரு மணிக்கும் வெளிப்பக்கமாக அடிக்கிற மாதிரி ஒரு மின்காந்தச் சுத்தியல், சக்ரீஸ்தில் (பூசை உடுப்புகள் வைக்கிற அறையில்) மாட்டுகிற கண்ட்ரோலர் பெட்டி, ஒரு ரிமோட், கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ். மணி அசையாது, சுத்தியல் மட்டும் வந்து தட்டிவிட்டுப் பின்வாங்கும். விலை மணியின் எடைக்கேற்ப மாறும். எங்கள் திருவிழா வாணவேடிக்கைக்கு ஒதுக்குகிற தொகைக்குள்ளேயே அடங்கியது.

பொருத்திய அன்று சாயங்காலம் மூவேளை மணி அடித்தது. வீட்டு நடையில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்கி, "மணிக்க வயித்துல அடிக்கான்" என்றார். மேலே போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மணியின் இடுப்புப் பகுதி மெல்லிசு. வாய் விளிம்புக்குச் சற்று மேலே சுற்றிலும் தடித்த ஒரு பட்டை இருக்கும், மணிக்குள் தொங்குகிற நாக்கு போய் அடிப்பது அங்கேதான். வெண்கல மணியில் கிட்டத்தட்ட 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் சேரும். அந்தக் கலவை கெட்டி, நாதம் தரும், ஆனால் நொறுங்கும் தன்மையும் உண்டு. வார்க்கிறவர் அந்தத் தடித்த பட்டையை அடிவாங்குவதற்கென்றே வைத்து வார்க்கிறார். அங்கே அடித்தால்தான் கணீரென்ற முதல் ஓசையும், அதற்குக் கீழே நெடுநேரம் முரலுகிற ஓசையும் சேர்ந்து வரும். இடுப்பில் அடித்தால் மேலோசை மட்டும் தகரம் மாதிரி வந்து அடங்கிவிடும்.

பொருத்த வந்தவர்கள் வசதிக்காக, கையெட்டுகிற உயரத்தில் இரும்புச் சட்டத்தைத் திருகிவிட்டுப் போயிருந்தார்கள். திரும்ப வரவழைக்க நிறைய போன் பேச வேண்டியிருந்தது. வந்தபோது அப்பா கஷ்டப்பட்டுப் படியேறி, சாக்பீஸால் மணியில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நாக்கு அடித்து அடித்து உள்பக்கம் எதிரெதிரே இரண்டு இடங்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. அந்த இரண்டுக்கும் நடுவில் கால் சுற்றுத் தள்ளி, தேயாத இடத்துக்கு நேர் வெளியே வட்டம் போட்டார். சுத்தியல் தலையும் மாறியது. முதலில் கடினப்படுத்திய எஃகு வைத்திருந்தார்கள். அடிக்கிற பொருள் மணியைவிட மெத்தென்று இருக்க வேண்டும், தேய்ந்தால் சுத்தியல் தேயட்டும், அதை மாற்றலாம், மணியை மாற்ற முடியாது. மென்மையான இரும்புத் தலை வந்த பிறகு பெரிய மணி பழைய குரலில் பேசியது. இந்த ஒன்றுக்காகவே, கூடுதல் பணம் கேட்டால்கூடக் கொடுக்கலாம். ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எங்கே அடிக்கும், எதனால் அடிக்கும்.

பாட்டா எனக்குச் சின்ன வயதில் கயிறு பிடிக்கக் கற்றுத் தந்தார். பெரிய மணி ஆடாது, கயிறு நாக்கில்தான் கட்டியிருக்கும். என் கைக்கு மேலே அவர் கையை வைத்துக்கொண்டு, "மக்களே, இழுக்கது பெரிசில்ல, அடிச்ச ஒடனே விட்டுரணும், நாக்கு மணியில ஒட்டி நிக்கப்பிடாது" என்பார். நாக்கு மோதிய கணமே விலகாமல் அழுத்திக்கொண்டு நின்றால் மணியின் அதிர்வு தடைபடும், அந்த அழுத்தத்திலேயே விரிசல் விழும். ஐரோப்பாவில் நாக்கில் கயிறு கட்டி இழுத்து எத்தனையோ பழைய மணிகள் விரிந்திருக்கின்றன. எங்கள் மணி விரியாமல் நின்றதற்கு அவருடைய மணிக்கட்டுதான் காரணம். கயிற்றை விட்ட மாத்திரத்தில் அது உள்ளங்கையை உரசிக்கொண்டு மேலே ஏறும், தேங்காய்நார்ச் சொரசொரப்பு எரியும். எரிந்தால் சரியாக அடித்திருக்கிறாய் என்று அர்த்தம்.

மணிச் சட்டம் முழுக்க அவர் தலைக்குள் இருந்தது. மூவேளை மணிக்கு மும்மூன்றாக மூன்று தடவை, நிறுத்தி, பிறகு ஒன்பது. ஞாயிறு பூசைக்கு இரண்டு மணியும் சேர்ந்து. கொடியேற்றத்துக்கு வேறு, தேர் நகரும்போது வேறு. பெரியவர் இறந்தால் பெரிய மணி, குழந்தை இறந்தால் சின்ன மணி. கடலில் காற்று திரும்பினால், இடைவெளியே இல்லாமல், ஊர் எழும்பும்வரை.

இந்தக் கரையில் மணிக்கும் விசுவாசத்துக்கும் உள்ள உறவு கோபுரங்களுக்கு முந்தியது. 1542இல் கோவாவுக்கு வந்த புனித சவேரியார், கையில் ஒரு மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளையும் அடிமைகளையும் மறைக்கல்விக்குக் கூட்டினார். 1544 கடைசியில் அவர் திருவிதாங்கூர்க் கரைக்கு வந்து, ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் கடிதத்தில் எழுதினார். அந்தக் கரைதான் இது. மதியம் பன்னிரண்டு மணிக்கு நாம் அடிக்கிற மணிக்கு ஒரு பிறந்த வருஷமே உண்டு. 1456இல், பெல்கிரேடு முற்றுகை நடந்தபோது, கிறிஸ்தவ நாடுகளெங்கும் நடுப்பகலில் மணியடித்துச் செபிக்கச் சொன்னவர் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ். போர் முடிந்த பிறகும் மணி நிலைத்துவிட்டது. பிறகு அது மூவேளைச் செபத்தோடு சேர்ந்தது. இங்கே ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை இருக்கிறது. தட்டினால் வெண்கலம் மாதிரி ஒலிக்கும். 1752 ஜனவரி 14 அன்று, கிறிஸ்தவம் தழுவிய தேவசகாயம் பிள்ளை அங்கே சுட்டுக் கொல்லப்பட்டபோது அந்தப் பாறை மணியாக ஒலித்தது என்று நம் சனங்கள் சொல்லி வருகிறார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட அவர், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அன்று பாட்டா இல்லை. அப்பாதான் கயிறு பிடித்தார். எவ்வளவு நேரம் அடிப்பது என்று பங்குத்தந்தை கேட்டதற்கு, "கை ஓயுமட்டும் சாமி" என்றார்.

சரி, கண்ட்ரோலர் பெட்டிக்கு வருகிறேன்.

மூவேளை மணி புரோகிராமில் இடைவெளி குறைவாக வைத்து அனுப்புகிறார்கள். மூன்று அடி, நாலைந்து விநாடி, அடுத்த மூன்று அடி. அந்த இடைவெளி எதற்காக? ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்வதற்காக. மணியடிப்பவர் வாயில் செபத்தைச் சொல்லிக்கொண்டே கயிறு பிடிப்பார், அதனால் இடைவெளி தானாகச் சரியாக விழும். பெட்டிக்குச் செபம் தெரியாது, நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். முதல் நாட்களில், வலை பின்னிக்கொண்டே செபம் சொல்கிற பெரியம்மாக்கள், "மரியே வாழ்க முடியதுக்குள்ள அடுத்தத அடிச்சு விடுது" என்று குறைபட்டார்கள். இருபது விநாடியாக மாற்றினேன். மாற்றுவது எளிது, ரிமோட்டிலேயே முடியும். பெட்டியின் சிறந்த குணம் இதுதான்: ஒரு தடவை சரியாகச் சொல்லிக் கொடுத்தால் பிறகு அணுவளவும் பிசகாது. நேரம் சுத்தம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் மீன் ஏலத்துக்கு ஓடுகிறவர்களும் இப்போது மணியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்துகிறார்கள்.

பெரிய வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது. பெரிய வியாழன் பூசையில் "உன்னதங்களிலே" பாடும்போது அடிக்கிற மணி, பாஸ்கா இரவில் (ஈஸ்டருக்கு முந்திய இரவில்) மறுபடி அதே பாட்டு வரும்வரை வாய் திறக்கக் கூடாது. அந்த நாட்களில் பீடச்சிறுவர்கள் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டுதான் போவார்கள். எங்களுக்கு வந்த பெட்டியில் கிழமைக் கணக்கு மட்டுமே இருந்தது, நாள்காட்டிக் கணக்கு இல்லை. பெரிய வெள்ளி நடுப்பகல், சிலுவைப்பாதை நடுவில், மேலே மூன்று அடி விழுந்தது. வெயிலில் முழந்தாளிட்டிருந்த அத்தனை பேரும் கோபுரத்தைப் பார்த்தார்கள். அப்பா முகம் வெளுத்துவிட்டது. மெயின் ஸ்விட்சை அணைத்த பிறகுதான் நின்றது. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) ஆண்டுதோறும் நாள் மாறும்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவை அடுத்த ஞாயிறு. அந்தக் கணக்கைத் தானே போட்டு, அந்த மூன்று நாளும் தானே அடங்கி இருக்கிற கண்ட்ரோலர்கள் சந்தையில் இருக்கின்றன. விலை சற்றுக் கூடும். அதைத்தான் வாங்க வேண்டும். எங்களிடம் இருப்பதை இந்த ஆண்டு மாற்றப் போகிறோம்.

உப்புக்காற்றுக்கு வருவோம். கடற்கரைப் பங்குகள் இதைக் கவனமாகப் படியுங்கள். வெண்கலத்துக்கு உப்பால் பெரிய ஆபத்தில்லை, பச்சை படியும், அவ்வளவுதான். இரும்புதான் அழியும். சட்டத்தில் போட்ட நட்டும் போல்ட்டும் முதல் தென்மேற்குப் பருவமழை முடியும்முன் துரு வழிந்து மணியின் தோளில் சிவப்புக் கோடு போட்டன. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பில்லில் இருந்தது. ஸ்டெயின்லெஸ்ஸிலும் ரகம் உண்டு. 304 ரகம் சமையலறைக்குப் போதும், கடற்காற்றுக்கு 316 வேண்டும். அதில் மாலிப்டினம் சேர்வதால் உப்பைத் தாங்கும். படகுக்கு வேலை செய்கிற குளச்சல் பட்டறைக்காரர்களுக்கு இது பாலபாடம். நாங்களும் கடைசியில் அவர்களிடம்தான் போல்ட் வாங்கிப் போட்டோம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து உள்நாட்டுப் பங்குகளுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இராது.

இடி மின்னல் இன்னொன்று. ஊரிலேயே உயரமான இடத்தில் ஒயர் இழுத்துக் கொண்டு போகிறோம். ஐப்பசி மழையில் ஒரு இடி இறங்கி, கண்ட்ரோலரின் ஒரு போர்டு கருகியது. அதன்பின் சர்ஜ் புரொட்டெக்டரும் தனி எர்த்தும் போட்டோம். இவையெல்லாம் முதல் எஸ்டிமேட்டிலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் சுத்தியலுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மணியோசை இடியை விரட்டும் என்று நம்பி, புயல் நேரத்தில்தான் ஓடிப்போய்க் கயிறு பிடித்தார்கள். 1784இல் ஜெர்மனியில் போட்ட கணக்கு ஒன்றின்படி, 33 ஆண்டுகளில் 386 கோபுரங்களில் மின்னல் விழுந்து, மணியடித்துக்கொண்டிருந்த 103 பேர் இறந்தார்கள். நனைந்த கயிற்றைப் பிடித்தபடியே செத்தவர்கள். எங்கள் பாட்டாவும் இடிமழையில் அந்த ஈரக் கயிற்றைப் பிடித்தவர்தான். இப்போது அந்த நேரத்தில் மேலே யாரும் இல்லை. அது பெரிய ஆறுதல்.

ஒலிபெருக்கியில் மணி ரெக்கார்டு போடுகிறோமே, அது போதாதா என்று கேட்கிற பங்குகளுக்கு: போதாது. மணி இருக்கிற கோபுரத்தில் கூம்பு ஸ்பீக்கரில் வேறு ஏதோ நாட்டு மணியின் ரெக்கார்டைப் போடுவது எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆயர் நீரால் கழுவி, கிறிஸ்மா என்கிற புனித எண்ணெய் பூசி, பெயர் வைத்து, உள்ளே சாம்பிராணிப் புகை காட்டி மந்திரித்த மணி அது. சட்டப்படியும் சிக்கல்: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. ஐந்து மணி ரெக்கார்டு அதற்குள் வந்துவிடும்.

இனி சாவு மணி. பெட்டியில் அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் பத்து விநாடிக்கு ஒரு அடி, ஐந்து நிமிடம், முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் பூதவுடல் வீட்டைவிட்டு எடுத்ததும் மணி தொடங்கும். மாடத்தின் சின்ன ஜன்னல் வழியாகத் தெரு தெரியும். கயிற்றைப் பிடித்திருப்பவர் கண் அந்தத் தெருவிலேயே இருக்கும். ஊர்வலம் மெதுவாக வந்தால் அடிகளை நீட்டுவார். குருசடி (சிறிய சிலுவை மண்டபம்) முக்கில் சவப்பெட்டியை இறக்கி வைத்துச் செபம் சொல்வார்கள், அப்போது நிறுத்துவார். யாராவது பெண் பெட்டிமேல் விழுந்து அழுதால், அவளைத் தூக்கி எடுக்கும்வரை காத்திருப்பார். மறுபடி தோளில் ஏறியதும் ஒரு அடி. வாசலில் சாமி தண்ணீர் தெளிக்கிறபோது கடைசி அடி விழ வேண்டும். அப்பா இதை ஒருபோதும் தவறவிட்டதில்லை. கண்ட்ரோலர் வந்த பிறகு முதல் சாவுக்குப் பட்டனை அழுத்தினார்கள். சவப்பெட்டியைத் தூக்கினவர்கள் குருசடியை எட்டும் முன்பே மணி ஓய்ந்துவிட்டது. மீதித் தூரம் மணியில்லாமல் நடந்தார்கள். மறுநாள் அந்த வீட்டு மூத்த மகன் அப்பாவிடம் வந்து, "அண்ணாச்சி, எங்க அம்மைக்குப் பாதி வழிதான் மணி அடிச்சுது" என்றார். அவர் சண்டை போடவில்லை, சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கூட்டத்தில் நான் அதை அப்படியே பதிவேட்டில் எழுதினேன். அன்றிலிருந்து சாவுக்குக் கயிறுதான்.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கரை ஊர்களில் இன்னொரு கேள்வி வந்தது. உடல் எடுக்கும்போது மணி என்பது வழக்கம். கடலுக்குப் போனவர் உடலே வராவிட்டால் எப்போது அடிப்பது? எங்கள் சொந்தத்தில் ஒருவருக்குப் படத்தை வைத்துப் பூசை வைத்தார்கள். மணி வேண்டுமா என்று அவர் மனைவியிடம் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை, ஏனென்றால் மணி அடித்தால் ஆள் இல்லை என்று ஊர் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அப்பா பூசை நேரம் முழுக்க மாடத்தில் கயிற்றின் பக்கத்தில் நின்றார். படத்தை எடுத்துக்கொண்டு அவள் தானாக எழுந்து வாசலைப் பார்த்து நடந்தபோது அடித்தார், அவள் நடைக்கு அடி. இதை எந்தப் பெட்டியில் எந்த மெனுவில் வைக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

கையால் மணியடிப்பதைப் பழைய காலத்து ஆசை என்று எங்கள் பேரவையிலேயே சிலர் சொன்னார்கள். ஸ்பெயினின் கைமணியடிக்கும் மரபை 2022இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. அங்கேயும் மோட்டார்கள் வந்து கோபுரங்களை நிரப்பிய பிறகுதான், மணியடிப்போர் கூடி, கயிற்றுக்கு இடம் விடுகிற மாதிரி மோட்டாரை மாற்றியமைக்க வைத்தார்கள். நாங்கள் செய்ததும் அதைத்தான். படிக்கட்டு அடியில் ஒரு சாவிபோட்ட ஸ்விட்ச் வைத்தோம். கயிறு பிடிக்கப் போகிறவர் முதலில் சுத்தியலை அணைத்துவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். உள்ளேயிருந்து நாக்கும் வெளியேயிருந்து சுத்தியலும் ஒரே நேரத்தில் மணியைத் தொடக்கூடாது, தொட்டால் மணி போய்விடும். இந்த ஸ்விட்சை அவர்களாக வைக்கமாட்டார்கள், கேட்டு வையுங்கள்.

பராமரிப்பு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மே மாதத்தில், மழைக்கு முன், எல்லா போல்ட்டையும் இறுக்கி, கிரீஸ் வைத்து, ஒயர் நுழைகிற துளையைச் சிலிகான் கொண்டு அடைத்துவிட்டால் ஆண்டு ஓடும். சர்வீஸ் ஆள் கூப்பிட்டால் வருகிறார், உடனே வருவதில்லை. போர்டு ஒன்றைக் கையிருப்பில் வாங்கி வைப்பது நல்லது.

கடைசியாக, கணக்குப் பார்க்கிறவளாக ஒன்று. சுத்தியல் வந்ததும், "இனி கோயில்பிள்ளைக்கு எதுக்கு முழுச் சம்பளம்?" என்ற பேச்சு எங்கள் கூட்டத்திலும் வந்தது. உங்கள் கூட்டத்திலும் வரும். சுத்தியல் வாங்குகிற அதே தீர்மானத்தில், அதே பக்கத்தில், கோயில்பிள்ளையின் சம்பளம் குறையாது என்றும் எழுதிவிடுங்கள். எங்கள் ஊரில் அப்பா இப்போது காலை மணிக்குப் படி ஏறுவதில்லை. சனிக்கிழமை மறைக்கல்வி முடிந்ததும் மூன்று பையன்களுக்கும் ஒரு பெண்பிள்ளைக்கும் கயிறு கற்றுக் கொடுக்கிறார். அந்தப் பெண்பிள்ளைதான் கையை விடுவதில் கெட்டிக்காரி என்கிறார். போன திருவிழாத் தேருக்கு அவளும் அடித்தாள், கற்றுக் கொடுக்கிற நேரத்துக்கும் சேர்த்து அப்பாவுக்குப் படித்தொகை எழுதியிருக்கிறோம்.